மெஷின் மேல் உட்கார்ந்த பெரியப்பா

"இந்த வீட்ல துண்டுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல."

பெரியப்பா இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று யாரும் எண்ணியதில்லை. சொல்லும் விதம்தான் விசேஷம். முதலில் மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு, குக்கர் விசிலுக்கு முன்னால் விடுமே அந்த மாதிரி. 'இந்த வீட்ல' என்பதைக் கூண்டில் ஏறிய சாட்சிபோல நிதானமாகச் சொல்வார். 'துண்டுக்கு' என்று வரும்போது குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். 'எனக்கு' என்று இறங்கும்போது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். கடைசி 'இல்ல'வில் சத்தமே கிடையாது, உதடு மட்டும் அசையும். எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் அந்தப் பெருமூச்சை எடுத்துவிடுவார், மிச்சத்தை மற்றவர்கள் சேர்ந்து முடித்துவைப்போம். பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். இழுக்க வேண்டிய இடத்தில் நாங்கள் இழுக்காவிட்டால் திருத்துவார்.

குறைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் குளிக்கிற அறையும் துவைக்கிற அறையும் ஒன்றுதான். கழிப்பறை பின்பக்கம் தனியாக இருந்தது, அந்த மட்டுக்கும் புண்ணியம். கதவைத் திறந்தால் ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மறுபக்கம் ஒரு ஆள் நின்று குளிக்கிற இடம். அந்த ஆள் கையை விரித்துச் சோப்புப் போட ஆசைப்பட்டால் முழங்கை மெஷினில் இடிக்கும். இரண்டுக்கும் ஒரே குழாய். மெஷின் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் ஷவர் சொட்டுச் சொட்டாக அழும். குடித்ததை மெஷின் கக்கினால் அந்த நுரை சாக்கடை வாயில் இறங்க மனமில்லாமல் குளிக்கிறவரின் கணுக்காலைக் கட்டிக்கொள்ளும். துணி பிழிகிற வேகத்தில் மெஷின் தானாக நடக்கும். ஒருநாள் நடந்து வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே பெரியப்பா, தலை நிறைய சோப்போடு. வெளியே பெரியம்மா.

"ஏய், கதவு திறக்கல!"

"பிழிஞ்சிட்டிருக்கு. முடியற வரைக்கும் சும்மா இருங்க."

"நான் சும்மா இருக்கணுமா? அத நிறுத்துடி!"

"நடுவுல நிறுத்தினா துண்டுல ஈரம் நின்னுரும்."

"என் கண்ணுல சோப்பு நிக்குதே, அது பரவாயில்லையா?"

பரவாயில்லை போலிருக்கிறது. மெஷின் தன் வேலையை முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவர் அதைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். வந்ததும் என்ன சொன்னார் என்று சொல்லத் தேவையில்லை.

துண்டு யாருடையது என்றால், வீட்டாருடையது இல்லை. நாலு தெரு தள்ளி ஒரு பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. முட்டி பிடித்தவர்கள், கழுத்து திரும்பாதவர்கள், விழுந்து எழுந்தவர்கள் எல்லாம் அங்கே வந்து படுத்து ஒத்தடம் வாங்கிப்போவார்கள். அவர்களுக்குப் போர்த்துகிற துண்டுகளைப் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, மாடியில் காயப்போட்டு, விளிம்பு வெளியே தெரியாதபடி மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். பிள்ளைகள் படித்து வேலைக்கென்று வெளியூர் போன பிறகு பெரியம்மா பிடித்த வேலை அது. அதுவரைக்கும் தெருவில் அவருக்கு இருந்த ஒரே பெயர் 'கோடு போடறவர் வீட்டம்மா'. நிலையத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடைத்தது: 'துண்டக்கா'. கேட்பதற்குப் பிரமாதமான பெயர் இல்லைதான். ஆனால் வாட்ச்மேன் அதைச் சொல்லிக்கொண்டே எழுந்து கேட்டைத் திறப்பான்.

ஒருநாள் பெரியம்மாவுக்குக் கை சுளுக்கி, மூட்டையைப் பெரியப்பா தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வாட்ச்மேன் பெரியம்மாவை உள்ளே விட்டு, அவரை நிறுத்திவிட்டான்.

"நீங்க யாரு சார்?"

பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "என்கூட வந்தவரு. விடுங்க."

"பாத்தியா, அங்கயும் எனக்கு மரியாதை இல்ல" என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்படியே தான் வேலை பார்க்கிற டெப்போவுக்குப் போய் அங்கேயும் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். முடிவெட்டுகிறவரிடம் கத்திக்கு அடியில் கழுத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அவமானப்பட்டவர் அதை இப்படி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோடு போடறவர் என்றேனே, அதுதான் பெரியப்பாவின் தொழில். ரோட்டில் நடுக்கோடு, ஓரக்கோடு, நிற்கிற கோடு, ஆள் கடக்கிற பட்டைக் கோடு எல்லாம் அவர் கை. விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய், வண்டிகள் பெருகுவதற்குள் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் தார்ப்புழுதியும் பெயின்டுமாக வீடு திரும்புவார். ஊரில் மற்றவர்கள் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்து நடப்பார்கள். இவர் தரையைப் பார்த்தே நடப்பார். தலைவகிடு எடுப்பதற்குக்கூட நூல் பிடித்தாரோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு நேர். காயாத கோட்டை யாராவது மிதித்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒருமுறை ஒரு கல்யாண ஊர்வலக் கார் மிதித்துவிட, மாப்பிள்ளையை இறங்கச் சொல்லி டயரைக் காட்டி நியாயம் கேட்டவர்.

இப்படி இருக்கையில் நிலையத்தில் ஒரு நோயாளியின் மகள் புகார் சொன்னாள்: "டாக்டர், எங்கம்மாவுக்குப் போர்த்தற துண்ட எவங்க வீட்டு பாத்ரூம்லயோ துவைக்கிறாங்களாமே?"

டாக்டரம்மா நல்லவர்தான், ஆனால் கறார். எதைச் சொன்னாலும் பேஷண்டிடம் சொல்கிற மாதிரியே சொல்வார். மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லும் அதே குரலில் பெரியம்மாவிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேன். இடம் சுத்தமா இருந்தா துண்டு மட்டுமில்ல, பெட்ஷீட்டும் உங்களுக்கே. இல்லன்னா மொத்தத்தையும் சலவைக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். சரியா?"

பெரியம்மா "சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சேதி கேட்டதும் முதலில் வந்து சேர்ந்தவர் பெரியம்மாவின் தம்பி. டைல்ஸ் கடையில் விற்பனையாளர், அதனால் எங்களுக்கெல்லாம் டைல்ஸ் மாமா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைத் தட்டிப் பார்ப்பார். அன்றைக்கு அறைக்குள் நின்று, ஏதோ இழவு வீட்டில் பிணத்தைப் பார்ப்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இப்பல்லாம் யாரும் பாத்ரூம்னு சொல்றதில்ல. வெட் ஏரியா, ட்ரை ஏரியா. ரெண்டுக்கும் நடுவுல கண்ணாடித் தடுப்பு. சுவரெல்லாம் கூரை வரைக்கும் டைல்ஸ். மெஷின ஒரு அலமாரிக்குள்ள மறைச்சிரலாம், இருக்கிறதே தெரியாது. மொத்தத்தையும் இடிச்சிட்டுப் பண்ணினா லுக்கே வேற."

"எவ்வளவு ஆகும்டா?"

மாமா சொன்னார். பெரியம்மா கீழே உட்கார்ந்துகொண்டார்.

"தவணை இருக்குக்கா."

"அதுக்கு மெஷினையே அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு நீயும் உள்ள உட்கார்ந்துக்க" என்றார் பெரியப்பா. "நான் பாத்துக்கறேன். ஒரு ஆணி வாங்க வேணாம்."

வீடே அவரைத் திரும்பிப் பார்த்தது. என் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "பூனைய பாலுக்குக் காவல் வச்ச மாதிரிதான். வேலை கெட்டா துண்டு போகும், துண்டு போனா மெஷின் போகும். மெஷின் போனா ரூம் அவருக்கு. அவரு உருப்படியாவா பண்ணுவாரு?"

பெரியம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. கோபமோ பயமோ வந்தால் அவர் பெரியப்பாவிடம் பேச மாட்டார், மெஷினிடம் பேசுவார். அன்று சாயங்காலம் அதன் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டியா, இவரு உன்ன அழகு பண்ணப்போறாராம். பாத்து இருந்துக்க."

"பாரு, அதுகிட்ட பேசறா. முப்பது வருஷமா என்கிட்ட இந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றார் பெரியப்பா, யாரிடம் என்று தெரியாமல்.

மறுநாள் வேலை ஆரம்பமானது. பெரியப்பாவுக்கு வேலை என்றால் முதலில் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். டெப்போவிலிருந்து, ரோட்டில் வண்டியை மறிக்க வைக்கிற கூம்புகளைக் கொண்டுவந்து நடையில் வரிசையாக வைத்தார். சமையலறைக் கதவில் 'வேலை நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும்' என்று பலகை தொங்கியது. மாற்றுப் பாதை என்பது வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்கட்டுக்குப் போவது. பெரியம்மா ஒரு கரண்டி எடுப்பதற்குத் தெருவைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனிதர் உருப்படியாகவே செய்தார். டைல்ஸ் இடுக்கில் கறுத்துக் கிடந்த பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்த்த இடத்தில் வெள்ளை சிமென்ட் அடைத்தார். ஓதம் ஏறிக் கொப்புளித்திருந்த சுவரைத் தகட்டால் சுரண்டி, காயவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். குழாயை இரண்டாகப் பிரித்து மெஷினுக்குத் தனி வால்வு வைத்தார், இனி அது குடித்தாலும் ஷவர் அழாது. மெஷின் கக்குகிற தண்ணீர் ஒரு பைப் வழியாக நேராகச் சாக்கடைக்குள் இறங்கியது. உடைந்த கூம்பின் அடிப்பாகத்தை நாலாக வெட்டி மெஷினின் கால்களுக்குக் கீழே கொடுத்தார். அதற்கப்புறம் அது பிழிகிற நேரத்தில் உறுமியதே தவிர நடக்கவில்லை. பழைய பீரோ கதவு ஒன்று மெஷினுக்கு மேலே அலமாரிப் பலகையானது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. ஆணி மட்டும் வாங்கினார். அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை.

பெரியம்மா ஒவ்வொன்றையும் வந்து பார்ப்பார். போகும்போது மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டலில் இருந்த பாராட்டு யாருக்கென்று பெரியப்பா கேட்டுக்கொள்ளவில்லை.

பாக்கி இருந்தது தரை. வழுவழு என்று தேய்ந்துபோன சிமென்ட் தரை, ஈரமானால் எண்ணெய் ஊற்றின மாதிரி. அங்கேதான் பெரியப்பா தன் தொழிலைக் காட்ட முடிவு செய்தார். டெப்போவில் டிரம்மின் அடியில் தங்கியிருந்த ரோட்டுப் பெயின்டை மேஸ்திரியிடம் கேட்டார். "எடுத்துட்டுப் போய்யா, கழுவற வேலை மிச்சம்" என்று அவர் கொடுத்துவிட்டார். ஈரப் பெயின்டின் மேல் தூவுகிற பொடிக் கண்ணாடி மணியும் ஒரு பொட்டலம் கிடைத்தது. ரோட்டில் அது விளக்கு வெளிச்சத்துக்குப் பளபளக்கும். பாத்ரூமில் காலுக்குப் பிடிப்பாக இருக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பில்லை.

"எப்ப காயும்?" என்று கேட்டார் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை. டாக்டரம்மா மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"காயறதா? நான் டப்பாவ மூடறதுக்குள்ள காஞ்சிரும். ரோட்ல பின்னாடியே பஸ் வரும்டி, தெரியுமா?"

பெரியம்மா மாடிக்குத் துண்டு காயப்போடப் போனார். பெரியப்பா கதவோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நூல் பிடித்தார். வாழ்நாளெல்லாம் எப்படிப் போட்டாரோ அப்படியே போட ஆரம்பித்தார், முன்னால் பார்த்து, போகிற திசையில், ஒரே சீராக. தரை முழுக்க வெள்ளை. குளிக்கிற பக்கத்தையும் துவைக்கிற பக்கத்தையும் பிரிக்கிற இடத்தில் மஞ்சளில் ஒரு நடுக்கோடு. வெள்ளை மேல் மணி தூவிக்கொண்டே நகர்ந்தார். அவர் போட்டதிலேயே அழகான வேலை என்று அவரே பிற்பாடு சொன்னார்.

ரோட்டுக்குச் சுவர் கிடையாது. போட்டுக்கொண்டே போகலாம், முடிந்ததும் ஓரமாக இறங்கிக்கொள்ளலாம். இந்தத் தரைக்கு இறங்குவதற்கு ஓரம் இல்லை. கடைசி இழுப்பு முடிந்து நிமிர்ந்தபோது அவருக்கு முன்னால் சுவர், பின்னால் அறை முழுக்க ஈரப் பெயின்ட், அதற்கு அந்தப் பக்கம் கதவு. நிற்பதற்கு மிச்சம் இருந்தது பாதத்தளவு சிமென்ட். அதையும் விட்டுவைக்க அவர் கை கேட்கவில்லை. எக்கி மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, குனிந்து அதையும் அடித்து முடித்தார்.

பெரியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து கதவில் நின்றார். தரையைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"காய வச்சிட்டிருக்கேன்."

"நீங்க எப்படி வருவீங்க?"

"காஞ்சதும் வருவேன்."

காயவில்லை. ரோட்டில் வெயில் காய்ச்சும், காற்று அடிக்கும். இங்கே ஒரு சின்ன ஜன்னல், வாரம் முழுக்கக் குடித்த ஓதம். பெயின்ட் விரலில் ஒட்டியது. ஒட்டிக்கொண்டே இருந்தது. பெரியம்மா மின்விசிறியைக் கொண்டுவந்து கதவருகே வைத்தார். பெரியப்பா மேலே உட்கார்ந்து ஊதினார், உதவியாக இருக்கட்டுமென்று.

வேடிக்கை பார்க்க டைல்ஸ் மாமா வந்தார், பின்னாலேயே நானும். "மாமா, இது என்ன கான்செப்ட்? நீங்களும் மெஷின் கூடவே வர்றீங்களா, செட்டா?"

"சிரிக்காதடா. வழி சொல்லு."

"ஒரு எட்டு வச்சு வாங்களேன். நாலு கால் தடம், அப்புறம் பூசிக்கலாம்."

"காயாத கோட்டுல கால் வைக்கிறதா? அதுவும் என் கோட்டுல நானே? இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தம்மா வந்துருவாங்க. தடம் தடமா கெடந்தா உங்கக்கா வேலை என்னாகும்? போய் வேற ஆளப் பாருடா."

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தேவிட்டார். கூம்புகளைத் தாண்டி, பலகையைப் படித்து, மாற்றுப் பாதையில் போகாமல் நேராக வந்து கதவில் நின்றார்.

"இவர் யாரு?"

"எங்க வீட்டுக்காரர். ரோட்டுல கோடு போடறவரு" என்றார் பெரியம்மா.

"ஏன் மெஷின் மேல உட்கார்ந்திருக்காரு?"

பெரியம்மாவுக்குப் பொய் வராது. முயன்றால் காது சிவந்துவிடும். "பெயின்ட் காயல டாக்டர்."

டாக்டரம்மா பெரியப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "முதுக இப்படி வளைக்காதீங்க. நிமிர்ந்து உட்காருங்க. சரியா?"

பெரியப்பா நிமிர்ந்தார். புதுப் பலகையில் தலை இடித்தது. பலகை அசையவில்லை. அதை டாக்டரம்மா கவனித்ததாகத்தான் தோன்றியது.

அவர் வாசற்படியிலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவர், வால்வு, கழிவுநீர் பைப், திரை. மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். பெரியப்பா குனிந்து தன் இரண்டு காலுக்கும் நடுவில் இருந்த பொத்தானை அழுத்தினார். மெஷின் அவரையும் சேர்த்து ஆட்டியது. "த-த-தண்ணி த-தனியா போ-போகுது பாருங்கம்மா" என்று அவர் விளக்கினார். டாக்டரம்மா முகத்தில் ஒரு தசை அசையவில்லை. போதும் என்று கை காட்ட, அவர் நிறுத்தினார்.

"பரவாயில்லையே. நல்லாவே பண்ணியிருக்கீங்க." பிறகு பார்வை திரையின் அந்தப் பக்கம் போனது. "ஆனா ஒண்ணு. இங்கயேதான் குளிக்கிறீங்களா?"

பெரியம்மாவின் காது சிவக்க ஆரம்பித்தது. வாய் திறப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"குளிக்கிறதா? இங்கயா? யாரும்மா குளிக்கிறது?"

"அந்த சோப்பு?"

"கை கழுவ."

"ஷாம்பு?"

"அதுவும்... கைக்குத்தான். எனக்குக் கையில முடி ஜாஸ்தி."

"ஆணியில ஒரு பனியன் தொங்குதே?"

பெரியப்பா பனியனைப் பார்த்தார். அது அவர் மேலிருந்த பனியனுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி, அதே இடத்தில் அதே ஓட்டையோடு தொங்கியது. டைல்ஸ் மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல" என்றார் டாக்டரம்மா. "புண்ணு ஆறாத பேஷண்ட் எல்லாம் வர்றாங்க. ஒரு பக்கம் ரோட்டுப் புழுதியோட ஒருத்தர் குளிக்கிறாரு, இன்னொரு பக்கம் அவங்க துண்டு. மன்னிச்சிருங்கக்கா."

அவர் திரும்பினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நழுவிக் கீழே வந்தது.

"கொஞ்சம் நில்லுங்கம்மா."

இந்தக் குரலை மட்டும் என்னால் இன்றுவரை செய்து காட்ட முடியவில்லை. அதில் பெருமூச்சு இல்லை, இழுப்பு இல்லை.

"குளிச்சேன்மா. நேத்து வரைக்கும் குளிச்சேன். அவ துண்டு ஓடிட்டிருக்கும்போது கதவத் தட்டி, சண்டை போட்டு, உள்ள வந்து குளிச்சேன். அவ எத்தனையோ தடவை சொன்னா, நான்தான் கேக்கல. அவ துவைச்சத ஒரு நிமிஷம்கூட இங்க வைக்க மாட்டா, எடுத்துட்டு மாடிக்கு ஓடிருவா. அவ குளிக்கிறது விடியக்காலையில, மெஷின் போடறதுக்கு முன்னாடி. தப்பெல்லாம் என் பக்கம். இனிமே மெஷின் ஓடற நேரத்துல நான் உள்ள கால் வைக்க மாட்டேன்."

"வேலையிலிருந்து புழுதியோட வருவீங்களே. எங்க குளிப்பீங்க?"

"டெப்போல ஒரு குழாய் இருக்கு."

"மறைப்பு இருக்கா?"

"இல்ல. திரும்பி நின்னுக்குவேன்."

டாக்டரம்மா அவரிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவர் சொன்னபடி இருப்பாரா?"

பெரியம்மா முதலில் மெஷினைத்தான் பார்த்தார், பழக்கம். பிறகு அதன் மேல் இருந்த ஆளைப் பார்த்தார். முட்டிவரை பெயின்ட், தலையில் பலகை இடித்த சுண்ணாம்பு, முதுகு மட்டும் டாக்டர் சொன்னபடி நிமிர்ந்து.

"இருப்பாரு டாக்டர். அவரு போட்ட கோட்ட அவரு தாண்ட மாட்டாரு." காது சிவக்கவில்லை.

டாக்டரம்மா தரையையும் பெரியப்பாவையும் இன்னொரு முறை பார்த்தார். முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "திங்கக்கிழமை பெட்ஷீட்டும் அனுப்பறேன். சாயங்காலம் மெஷின நிறுத்தி, துண்டெல்லாம் வெளிய எடுத்தப்புறம் யாரு வேணா குளிச்சுக்கலாம். அப்புறம் தரையத் துடைச்சிரணும். சரியா?"

"சரிங்க" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா மெஷினை விட்டு இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கால் மரத்துப்போய், டைல்ஸ் மாமாவின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். தரையில் ஒரு தடம் இல்லை.

டெப்போ குழாய் நாலு நாள்தான். திரும்பி நின்றாலும் பார்க்கிறவர்கள் சுற்றிவந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் வேலையிலிருந்து வந்ததும் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, புழுதியோடு உட்கார்ந்துவிடுவார். உள்ளே மெஷின் உறுமும். சாயங்காலம் அது ஓய்ந்ததும், பெரியம்மா கடைசித் துண்டுவரை மாடிக்குக் கொண்டுபோய்விட்டு, ஒரு வாளி சுடுதண்ணீர் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து "ம், வாங்க" என்பார். இவர் காலைத் தட்டிக்கொண்டு, வகிட்டைத் தடவிக்கொண்டு, கூப்பிட்ட பேஷண்ட் மாதிரி எழுந்து போவார்.

ஒருநாள் அந்த நேரத்தில் டைல்ஸ் மாமா வந்தார். தெருவில் நாலு பேர் நிற்கும்போது சத்தமாகத்தான் கேட்டார்: "என்ன மாமா, வீடு உங்க பேர்ல. தரை உங்க கையால போட்டது. அதுல குளிக்கிறதுக்கு, உள்ளேயிருந்து எப்ப கூப்பிடுவாங்கன்னு வாசல்ல டின்னு போட்டுக் காத்துக் கெடக்கறீங்களே. வெக்கமா இல்ல?"

பெரியப்பா எழுந்து நின்று, தோளில் கிடந்த பனியனை உதறினார்.

"எதுக்குடா மாப்ள வெக்கம்? உன் பொண்டாட்டி ஆபீஸ் வாசல்ல உன்ன வாட்ச்மேன்கூட நிக்க விடமாட்டான். நான் என் பொண்டாட்டி ஆபீஸுக்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, அவ எடுத்து வச்ச சுடுதண்ணியில சாவகாசமா குளிச்சிட்டு வர்றேன். இந்த ஊர்ல இன்னொருத்தன் அப்படி இருந்தா கூட்டிட்டு வாடா, அவனுக்கு நானே முதுகு தேய்ச்சு விடறேன்!"